மூடிய ஜன்னலுக்குப் பின்னாலும் ஒரு பீரங்கி

‘ஒண்ணும் ஆகாது’ என்று அந்த அக்கா என்னிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. மற்ற எல்லோரும் சொன்னார்கள். மகள் பிறந்த நாளிலிருந்து அந்த இரண்டு வார்த்தைகளைத்தான் நான் அதிகம் கேட்டிருப்பேன். விருதுநகரிலிருந்து அம்மா ஃபோனில் சொல்வார். ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கணவர் சொல்வார். தடுப்பூசி போடும் நர்ஸ் ஊசியை உறையில் செருகியபடி சொல்வார். கேட்டதும் ஒரு நிமிடம் நிம்மதியாக இருக்கும். பிறகு, இவர்களுக்கு எப்படித் தெரியும் என்று தோன்றும். அடுத்த ஆளிடம் போய்க் கேட்பேன்.

எதிர் வீட்டு அக்காவிடம் கேட்டால், “தெரியல” என்பார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, “இரு, பாத்துட்டுச் சொல்றேன்” என்பார்.

அப்போது நாங்கள் ஓசூரில் பாகலூர் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், முதல் மாடியில் குடியிருந்தோம். மாடியில் இரண்டே வீடுகள். நடுவில் நான்கு அடி நடை. எங்கள் கதவைத் திறந்தால் அவர் கதவு. அந்தக் கதவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகை எப்போதும் குறுக்கே செருகியிருக்கும். அதைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். நான் முதலில் நாய் வளர்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். உள்ளே இருந்தவை கப்பல்கள்; அவற்றின் சின்னச் சாமான்கள் உருண்டு வெளியே போகாமலிருக்கத்தான் பலகை. ஃப்ரிட்ஜின் மேல் ஒன்று, பீரோவின் மேல் ஒன்று, ஜன்னல் மேடையில் ஒன்று. நான்காவது, தையல் மேஜையில் பாதி உடம்போடு எலும்பு தெரிய நின்றது. எல்லாம் மரம். பாய்மரம், நூலேணி, கயிறு சுற்றும் உருளை, பொட்டுக்கடலை அளவில் தண்ணீர்ப் பீப்பாய். தெருவில் அவரைக் கப்பல் அக்கா என்றுதான் சொல்வார்கள்.

“உங்களுக்குக் கடல்னா ரொம்பப் பிடிக்குமாக்கா?” என்று கேட்டேன்.

“கடலா? ஒரு தடவ மெட்ராஸ்ல பாத்தேன். கண்ணு எரிஞ்சுது. கடல் புடிக்காது. கப்பல்தான் புடிக்கும்.”

கப்பல் செய்ய ஆரம்பித்த கதையையும் ஒருநாள் சொன்னார். அவர் கணவர் கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். துறைமுகத்துக்குச் சரக்கு கொண்டுபோய்விட்டு மாதத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கு வருவார். “வந்து, கப்பல் பாத்தேன் கப்பல் பாத்தேன்னுவாரு. எப்படி இருந்துச்சுன்னு கேட்டா, பெருசா இருந்துச்சுன்னுவாரு. எத்தன பெருசுன்னா, ரொம்பப் பெருசுன்னுவாரு. இந்த ஆள்கிட்ட கேட்டு ஆவாதுன்னுதான் நானே ஒண்ணு பண்ணிப் பாத்தேன்.” இதை அவர் சிரிக்காமல்தான் சொன்னார். நான்தான் சிரித்தேன்.

மரம் பழைய மரக்கடையிலிருந்து வரும். வெளிநாட்டு இயந்திரங்களைக் கட்டி வந்த பெட்டிகளை உடைத்து, சிப்காட் போகும் வழியில் அடுக்கி வைத்திருப்பார்கள். அக்கா அங்கே போய்ப் பலகைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நாலைந்து மட்டும் எடுத்து வருவார். சின்னச் சாமான்களுக்குக் காய்ந்த ரோஜாக் குச்சி. பூத்தோட்டங்களில் செடியை வெட்டிவிடும்போது ஒரு சாக்கு நிறைய வாங்கிக்கொள்வார். “இது மாதிரி கெட்டி வேற எதுவும் இல்ல. பூவத்தான் எல்லாரும் பாக்கறாங்க” என்பார். வேலையில் உட்காரும்போது வளையல்களைக் கழற்றி வைத்துவிடுவார். மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் இன்னொரு கண்ணாடி. கையில் இடுக்கி. வாயில் பேச்சு இருக்காது.

அந்தக் கை எங்கே பழகியது என்பது பிறகு தெரிந்தது. வண்டிகளுக்கு ஸ்பீடோமீட்டர் செய்யும் ஒரு கம்பெனியில் பல வருடம் இருந்திருக்கிறார். ஷிஃப்ட் முடிவில் ஸ்க்ரூவை எண்ணவேண்டுமாம்.

“ஒரு ஸ்க்ரூ குறையுதுன்னா என்னா அர்த்தம்? அது எதோ ஒரு மீட்டருக்குள்ள கிடக்குது. எந்த மீட்டர்னு தெரியாது. அப்போ நூறு மீட்டரையும் பிரிக்கணும். ஆட்டிப் பாத்தேன், சத்தம் வரலன்னு சொல்லக் கூடாது. பிரிச்சுத்தான் ஆவணும்.”

“நூறையுமா? கீழ எங்கேயாவது விழுந்திருக்கலாம்ல?”

“விழுந்திருக்கலாம். அது உனக்குத் தெரியுமா?”

தெரியாதுதான்.

தெருவில் இந்தக் குணம் எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்லமுடியாது. வீட்டுக்கார அம்மா ஒருமுறை பண்டிகைக்குச் செய்த குழம்பைக் கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்து, “எப்படி இருக்குது, சொல்லு” என்று நின்றுகொண்டே இருந்தார். அக்கா ஒரு விரல் தொட்டு வாயில் வைத்தார்.

“உப்பு கம்மி.”

“நல்லாருக்குதுன்னு சொன்னா நாக்கு தேஞ்சிடுமா உனக்கு?”

“உப்பு கம்மின்னுதான் சொன்னேன். நல்லால்லேன்னு சொல்லலியே. சாப்பிட்டுட்டு மிச்சத்தச் சொல்றேன்.”

வீட்டுக்கார அம்மா படியிறங்கும்போது தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தார். அக்காவுக்கும் வீட்டில் தெலுங்குதான். எனக்குப் புரியாது என்று அதை மொழிபெயர்த்தும் சொன்னார்: “கல்லு மனசாம் எனக்கு.” சாயங்காலம் கிண்ணத்தைக் கழுவிக் கொடுக்கப் போனவர், “உப்பு போட்டு சாப்பிட்டேன். ரொம்ப நல்லா இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு வந்தார்.

எனக்கும் ஆரம்பத்தில் அந்த ‘தெரியல’ பயமாகத்தான் இருந்தது. மகளுக்கு இரண்டு வயது ஆகும் சமயம். இன்னும் சரியாகப் பேசவில்லை. பெண் குழந்தை சீக்கிரம் பேசிவிடும் என்றார்கள் எல்லோரும். நான் புத்தகத்தில் படித்திருந்தேன், இந்த வயதில் இத்தனை வார்த்தை வேண்டும் என்று. நான்தான் ஏதோ தப்பு செய்கிறேனோ, அதிகம் ஃபோன் பார்க்கிறேனோ என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. அக்காவிடம் கேட்டேன்.

“எத்தன வார்த்தை சொல்றா?”

“ஒரு ஏழெட்டு இருக்கும்க்கா.”

“ஏழா, எட்டா?”

ஒரு சின்ன நோட்டை என் கையில் கொடுத்தார். ஒரு வாரம் எழுதச் சொன்னார். அவரும் தன் பங்குக்கு ஒன்று எழுதினார். வார முடிவில் என் நோட்டில் பதினொன்று. அவர் நோட்டில் இருபத்தாறு. என் மகள் அவரிடம் தண்ணீரை ‘நீள்ளு’ என்று தெலுங்கில் கேட்டிருக்கிறாள். கீழ் வீட்டில் பாலை ‘ஹாலு’ என்று கன்னடத்தில் கேட்டிருக்கிறாள். நான் தமிழை மட்டும் எண்ணிக்கொண்டு தூங்காமல் கிடந்திருக்கிறேன். “போதுமா போதாதான்னு டாக்டரக் கேளு. எனக்கு எண்ணத்தான் தெரியும்” என்றார் அக்கா. அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

அந்த நான்காவது கப்பல் ஒரு போர்க்கப்பல். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் ஒன்பது தாள்களில் வரைபடம் அச்செடுத்து, ஒட்டி, சுவரில் மாட்டியிருந்தார். ஒன்றரை வருடமாக அதில்தான் உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் பக்கத்துக்குப் பதினான்கு சின்ன ஜன்னல்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பீரங்கி. ரோஜாக் குச்சியில் கடைந்து, கறுப்பு மை தடவி, கிராம்பு அளவில் இருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் முன்னால் உள்ள நான்கு ஜன்னல்களை மட்டும் திறந்து வைத்தார். மீதி பத்துக்கும் கதவு மூடி ஒட்டிவிடப்போவதாகச் சொன்னார்.

“மூடப்போற ஜன்னலுக்குப் பின்னாடி எதுக்குக்கா பீரங்கி? யார் பாக்கப்போறா?”

“யாரும் பாக்க மாட்டாங்க. ஆனா அங்க இருக்குதுன்னு நான் சொல்லுவேன் இல்ல? இல்லாதத எப்படி இருக்குதுன்னு சொல்றது?”

இருபத்தெட்டு தேவை. முப்பது செய்தார். எப்போதும் இரண்டு கூடுதலாகச் செய்வது அவர் வழக்கம். முப்பது குழி உள்ள ஒரு தட்டில் அவை வரிசையாகக் கிடக்கும். ஒன்றை எடுத்து ஒட்டியதும் நோட்டில் ஒரு கோடு போடுவார்.

ஒரு சனிக்கிழமை அவர் கீழ்த்தளத்துப் பீரங்கிகளை ஒட்டிக்கொண்டிருந்தபோது நான் போய்க் கதவைத் தட்டினேன். மகளுக்கு உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக வந்திருந்தது. பயந்துபோய், “அக்கா, அக்கா” என்று கத்திவிட்டேன். இடுக்கியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். கிளினிக்குக்கும் கூடவே வந்தார். ஏதோ பூச்சி கடித்த தடிப்பு, ஒரு மருந்தில் அடங்கிவிட்டது. வீட்டுக்குத் திரும்பி அவர் மிச்ச வேலையை முடித்தார். ஞாயிற்றுக்கிழமை மேல்தளத்தை ஒட்டி மூடி, கம்பங்களை நட்டு, மாதக்கணக்கில் முடிந்து வைத்திருந்த நூலேணிகளை இழுத்துக் கட்டினார்.

செவ்வாய்க்கிழமை காலை அவருடைய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பலகையைத் தாண்டி உள்ளே போனேன். அக்கா சமையலறையில் இருந்தார். ஃபோன் அடித்தது. மகளை இறக்கிவிட்டேன். அரை நிமிடம்கூட இருக்காது, இப்படித்தான் எல்லா அம்மாக்களும் சொல்வார்கள். திரும்பிப் பார்த்தபோது அவள் தாழ்வான அலமாரியின் முன் உட்கார்ந்திருந்தாள். பீரங்கித் தட்டின் மூடி தரையில் கிடந்தது. அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது. நான் விரலை விட்டுத் துழாவினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. இருமினாள். மறுபடியும் இருமினாள்.

அக்கா வந்து தட்டைப் பார்த்தார். முப்பது குழியில் ஒன்றில் மட்டும் பீரங்கி இருந்தது.

“ரெண்டு இருக்கணும்” என்றார். “ஒண்ணு குறையுது.”

“முழுங்கிட்டாளாக்கா?”

“தெரியல.”

“ஒண்ணும் ஆகாதுல்லக்கா?”

“தெரியல கண்ணு. டாக்டர்கிட்ட போ. இப்பவே போ.” அந்த ஒற்றைப் பீரங்கியைக் காகிதத்தில் மடித்து என் கையில் திணித்தார். “இதக் காட்டு. இதே அளவுதான். மரம். மை விஷமில்லன்னு பாட்டில்ல போட்டிருக்குது. அது பாட்டில் சொல்றது. அதையும் அப்படியே சொல்லு.”

“நீங்களும் வாங்கக்கா.”

“நான் வரல. எனக்கு இங்க வேலை இருக்குது.”

படியிறங்கி ஓடும்போது அந்த வார்த்தைதான் என் காதில் இருந்தது. வேலை இருக்கிறதாம். குழந்தைக்கு என்ன ஆகும் என்றே தெரியாத நேரத்தில் கப்பல் வேலை. வீட்டுக்கார அம்மா சொன்னது சரிதான் என்று ஆட்டோவில் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

குழந்தைகள் மருத்துவமனையில் டாக்டரம்மா காகிதத்தைப் பிரித்துப் பார்த்தார். “மரம் எக்ஸ்ரேயில தெரியாதும்மா” என்றார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். “வலது பக்கம் காத்து கொஞ்சம் கம்மியாப் போகுது. சளியா இருக்கலாம். இதுவாவும் இருக்கலாம். ரெண்டு நாளா சளி இருந்துச்சா?”

“இருந்தது டாக்டர். லேசா.”

“இது மூச்சுக்குழாய்க்குள்ள போயிருந்தா பெங்களூர் போகணும். மயக்கம் குடுத்து, குழாய் விட்டுப் பாத்து எடுக்கணும். சின்னக் குழந்தை. இல்லாத ஒண்ணைத் தேடி மயக்கம் குடுக்க எனக்கு இஷ்டமில்ல. இருக்கிறதை விட்டுவைக்கவும் முடியாது. வாயில போட்டதை நீங்க பாத்தீங்களா?”

நான் பார்க்கவில்லை. அவளைப் பெற்றவள், பக்கத்தில் நின்றவள், அதை மட்டும் பார்க்கவில்லை. கணவருக்கு ஃபோன் செய்தேன். மெஷின் இரைச்சலுக்கு நடுவில், “ஒண்ணும் இருக்காது, பதறாத, இதோ கிளம்புறேன்” என்றார். அக்காவுக்குச் செய்தேன். எடுத்ததும் கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது.

“என்னக்கா சத்தம்?”

“அறுத்துட்டு இருக்கேன். பத்து நிமிஷம் குடு.”

“எதை?”

“தளத்த” என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. மகள் மடியில் இருமிக்கொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எட்டாவது நிமிடத்தில் ஃபோன் வந்தது.

“இருவத்தொம்பது.”

“என்னக்கா?”

“உள்ள இருவத்தொம்பது இருக்குது. சனிக்கிழமை நீ கூப்பிட்டப்ப ஒண்ணு இடுக்கியிலிருந்து நழுவி உள்ள விழுந்துச்சு. திரும்பி வந்து அதை எடுத்து ஒட்டினேனா, தட்டுல இருந்து வேற எடுத்து ஒட்டினேனான்னு எனக்கு ஞாபகம் இல்ல. வேறதான் எடுத்திருக்கேன். விழுந்தது ஏழாவதுக்கு அடியில பசையில ஒட்டிக் கிடக்குது. இருவத்தொம்பதும் உன் கையில இருக்கிற ஒண்ணும் முப்பது. பாப்பா வாயில பீரங்கி போடல.”

“நிச்சயமாக்கா?”

“மூணு தடவ எண்ணினேன்.”

இன்னொருவராக இருந்தால் அதோடு நன்றி சொல்லி வைத்திருப்பார். நான் வைக்கவில்லை. “இன்னொரு தடவ எண்ணுங்கக்கா” என்றேன். ஸ்பீக்கரில் போட்டேன். டாக்டரம்மாவும் பக்கத்தில் வந்து நின்றார்.

அக்கா கோபிக்கவில்லை. சத்தமாக எண்ண ஆரம்பித்தார். தமிழில்தான் பேசுவார் என்றாலும் எண்ணுவது தெலுங்கில். “ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு...” ஒவ்வொன்றுக்கும் இடுக்கியால் தட்டும் மெல்லிய ‘டிக்’ என்ற சத்தம். எனக்கு எண்கள் பாதி புரியவில்லை. ஆனாலும் ஒரு ‘டிக்’கைக்கூட விடாமல் நானும் விரலை மடக்கிக்கொண்டே வந்தேன். “இரவை தொம்மிதி” என்று நிறுத்தினார். என் கணக்கிலும் இருபத்தொன்பது.

“யாரும்மா அவங்க?” என்றார் டாக்டரம்மா.

“எதிர் வீட்டு அக்கா.”

“இவங்க சொல்றதை நான் நம்புறேன்” என்று சொல்லிவிட்டு, சளிக்கு மூக்கில் புகைபோல் ஏற்றும் மருந்தை வைத்தார். சாயங்காலம்வரை அங்கேயே இருக்கச் சொன்னார். ஐந்து மணிக்கு மறுபடி ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். இரண்டு பக்கமும் ஒரேபோல் காற்று போனது. வெறும் சளி. வாயில் அவள் மென்றுகொண்டிருந்தது காலையில் நான் கொடுத்த பிஸ்கட்டாகத்தான் இருக்கவேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் மகளைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, பலகையைத் தாண்டிப் போனேன். தையல் மேஜையில் கப்பல் கிடந்தது. கம்பங்கள் மூன்றும் தனியாக ஓரமாகப் படுத்திருந்தன. கட்டியிருந்த நூலேணிகள் எல்லாம் வெட்டப்பட்டு ஒரு கிண்ணத்தில் குவிந்திருந்தன. மேல்தளம் டின் மூடிபோல ஒரே துண்டாக அறுபட்டு இருந்தது. அறுத்த கோடு மட்டும் நேராக இருந்தது. அந்த அவசரத்திலும் அளவுகோல் வைத்திருக்கிறார்.

“அக்கா...” என்றேன். அழுகை வந்துவிட்டது. “இவ்வளவு நாள் வேலை. உங்களுக்கு வருத்தமா இல்லையா?”

“வருத்தமாத்தான் இருக்குது” என்றார். இல்லை என்று சொல்வார் என எதிர்பார்த்துத்தான் கேட்டேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. “நூலேணி மட்டும் நாலு மாசம். திரும்பக் கட்டணும்.”

“நான் கூப்பிட்டதாலதானே?”

“ஆமா, நீ கூப்பிட்டே. நான் கோடு போடாம எந்திரிச்சு வந்தேன். சாயங்காலம் தட்டையும் பாக்காம மூடி வெச்சேன். கம்பெனியில இப்படிப் பண்ணியிருந்தா என் லைனையே நிறுத்தியிருப்பாங்க.” தலைமேல் இருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். “பாப்பா எங்க? பால் குடிச்சாளா?”

மேஜையில் நோட்டு திறந்திருந்தது. அன்றைய தேதிக்குக் கீழே எழுதியிருந்தார்: ‘இடப்பக்கம் ஏழாவது. கீழே விழுந்தது. குறிக்கவில்லை. என் தவறு. தளம் திறந்து எண்ணினேன். 29.’ என்னைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

“நான் வந்து கத்தினதையும் எழுதுங்கக்கா.”

“இது கப்பல் நோட்டு. உன் தப்ப எழுதணும்னா நீ ஒரு நோட்டு வாங்கிக்க.”

அதன்பிறகு அந்தத் தளத்தை அவர் ஒட்டவே இல்லை. மூடிபோல எடுத்துவிட்டு வைக்கும்படி செய்தார். கம்பங்களையும் அந்த மூடியிலேயே நட்டு, நூலேணிகளைப் புதிதாகக் கட்டினார். அறுத்த கோட்டை மறைக்கப் பசை பூசவோ சாயம் தடவவோ இல்லை. ஏழாவது பீரங்கிக்கு அடியில் கிடந்ததையும் எடுக்கவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் கோட்டைப் பார்த்து, “இது என்ன, வெடிப்பா?” என்று கேட்டால், “அறுத்தது” என்பார். ஏன் என்று கேட்டால்தான் சொல்வார்.

நாங்கள் கிருஷ்ணகிரிக்கு மாறி மூன்று வருடம் ஆகிறது. மகள் இப்போது மூன்று மொழியிலும் வாயாடுகிறாள். இந்த ஜூனில் முதல்முறையாக ஸ்கூல் வேனில் ஏறினாள். வேன் தெருமுனையில் திரும்பும்வரை கையசைத்துவிட்டு, வீட்டுக்குள் வந்து அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் அக்காவுக்கு ஃபோன் செய்தேன்.

“ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு தடவ சொல்லுங்கக்கா. சும்மாவாச்சும்.”

அந்தப் பக்கம் எதையோ நகர்த்தும் சத்தம் கேட்டது.

“வேன் நம்பர் என்னா?” என்றார். சொன்னேன். “டிரைவர் ஃபோன் நம்பர் வாங்கினியா? அதையும் சொல்லு. எத்தன மணிக்கு இறங்குவா?”

“நாலரைக்கு.”

“இறங்கினதும் கூப்பிடு. நான் உக்காந்திருக்கேன்.”

நாலு முப்பத்தேழுக்கு வேன் வந்தது. மகள் தண்ணீர் பாட்டிலைத் தொலைத்துவிட்டு, ரிப்பன் அவிழ்ந்து, சிரித்துக்கொண்டே இறங்கினாள். வாசலில் நின்றபடியே அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

“வந்துட்டாக்கா.”

தாளில் பென்சில் ஒரு கோடு இழுப்பது எனக்கு இங்கே கேட்டது.

“சரி” என்றார் அக்கா. “குறிச்சுட்டேன்.”